பெர்லினில் கையெழுத்தாகும் வரை

என்னை முதலில் கெடுத்தவன் எத்திராஜுலு. பெயரை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. நாளைக்கு யாராவது வந்து, இல்லை இல்லை, தாண்டவராயன்தான் தப்புப் பண்ணினான் என்று சொன்னால், நீங்கள் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். எத்திராஜுலு. என் மனைவி பச்சையம்மாளுக்குக் கூடப் பிறந்த அண்ணன். எனக்கு மச்சான். பட்டாளத்தில் ஒரே கூடாரம், ஒரே சட்டி.

அந்த ஜன்னல் கதவைக் கொஞ்சம் இறக்குங்கள், எஞ்சின் கரி கண்ணில் விழுகிறது. ஜோலார்பேட்டை வரைக்கும்தானே? நானும் அங்கேதான். குடியாத்தத்தில் அவனைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இன்னும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. தொட்டுப் பாருங்கள். வேண்டாமா? சரி.

முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. பெங்களூரில் எங்கள் பட்டாளம். சண்டை போடுகிற பட்டாளம் என்று சொல்ல முடியாது. பாதை போடுவோம், பாலம் கட்டுவோம், பள்ளம் வெட்டுவோம். ஒரு தோளில் துப்பாக்கி, ஒரு தோளில் மண்வெட்டி. ஒரு நாள் சித்திரை வெயிலில் எல்லோரையும் ரயிலில் ஏற்றிக் கப்பலில் இறக்கினார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. எத்திராஜுலுவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் படிக்கத் தெரியும். துரைமார் சாப்பாட்டுக் கூடத்து ரைட்டரைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்தான்.

"ருஷ்யாக்காரனுக்கும் துருக்கிக்காரனுக்கும் சண்டை மாப்ளே. துருக்கி தோத்துட்டான். ருஷ்யாக்காரன் ரொம்ப எடுத்துக்கப் பாக்கறான். வெள்ளக்காரனுக்கு அது புடிக்கல. நம்மளக் காட்டி பயமுறுத்தப் போறான்."

"நம்மளப் பாத்து ருஷ்யாக்காரன் பயப்படுவானா மச்சான்?"

"உன்னப் பாத்து பயப்பட மாட்டான். நீ வெக்கற கொழம்பப் பாத்தா பயப்படுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கோழை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முன்யோசனை அதிகம், அவ்வளவுதான். முன்யோசனை இல்லாதவன்தான் தைரியசாலி.

சூயஸ் என்று ஓர் ஊர். அங்கே கப்பல் நின்று கரி ஏற்றியது. நான் மேல்தட்டில் நின்று, தலைப்பாகையை அவிழ்த்து வேர்வையைத் துடைத்தேன். எங்கிருந்தோ ஒரு காக்கை வந்தது. உடம்பெல்லாம் சாம்பல், தலையும் றெக்கையும் கறுப்பு. ஆனால் காக்கைதான். வந்து என் உச்சந்தலையில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனது. தொட்டுப் பார்த்தால் ரத்தம்.

உங்கள் பக்கத்தில் எப்படியோ. எங்கள் பக்கத்தில் காக்கை தலையில் அடித்தால் அது சாவுக்குச் சீட்டு. என் பெரியப்பாவைக் களத்துமேட்டில் அடித்தது. அந்த மாதமே போய்விட்டார். ஆனால் அதற்கு ஒரு கழிப்பு உண்டு. சொந்தக்காரர் வீட்டுக்கு ஆளனுப்பி, இன்னார் செத்துப்போய்விட்டார் என்று பொய்யாகச் சொல்லச் சொல்வார்கள். அவர்கள் மாரடித்துக்கொண்டு அழுவார்கள். எமன் வந்து பார்ப்பான். ஏற்கனவே ஒப்பாரி நடக்கிறது. வேலை முடிந்தது என்று திரும்பிப் போய்விடுவான். பிறகு இன்னோர் ஆள் போய், உயிரோடு இருக்கிறார் என்று சொல்லுவான். காலையில் அழுதவர்கள் மாலையில் சிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் ஒரே நாளில் முடிகிற காரியம்.

நாங்கள் இருந்ததோ மால்டாவில். கடலுக்கு நடுவில் ஒரு தீவு. வீடு, மதில், தரை, எல்லாம் வெள்ளைக் கல். கண்ணைத் திறக்க முடியாது. கோட்டைச் சுவரில் பனைமரம் போலப் பீரங்கி. தினமும் பள்ளம் வெட்டப் பழக்கினார்கள். நான் வெட்டிய ஒவ்வொரு பள்ளமும் என் நீளத்துக்கே வந்தது தம்பி. படுத்துப் பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

எத்திராஜுலுவிடம் சொன்னேன். அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே, மறுக்கவில்லை.

"வேலூர்ல எங்க சித்தி இருக்கா. அவளுக்கு எழுதிப்போடறேன். நல்லா அழுவா."

"உங்க சித்தி ஆடு செத்தாலும் அழுவா. அந்த அழுகைய எமன் மதிப்பானா? பச்சைக்கு எழுது."

"அவ என் தங்கச்சி மாப்ளே" என்றான்.

"என் பொண்டாட்டி. புருஷன் பொழைக்கணும்னா பத்து நாள் அழட்டுமே."

எழுதினான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். தபால் கப்பல் வாரத்துக்கு ஒன்று. கடிதம் எங்கள் ஊர் போய்ச் சேர நாலு வாரம். செய்தி போன பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்குத் தாலி வாங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் உயிரோடு இருக்கிறார் என்ற கடிதம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். "அடுத்த தபால், இல்லேன்னா அதுக்கடுத்த தபால். ரெண்டே ரெண்டு. அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தாங்காது" என்று விரலை மடக்கிக் காட்டினான். நானும் தலையாட்டினேன். தலையாட்டியதை நான் மறைக்கவில்லை.

முதல் கடிதம் போனது. எனக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம்.

அப்போதுதான் பெர்லின் விஷயம் வந்தது. ஜெர்மனி தேசத்தில் ஒரு பட்டணம். அங்கே எல்லா ராஜ்யத்து மந்திரிகளும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், துருக்கியை யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று பேசித் தீர்க்கப் போகிறார்கள் என்று எத்திராஜுலு பேப்பரில் படித்துச் சொன்னான். தீர்ந்தால் சமாதானம். தீராவிட்டால் நாங்கள்.

"சாப்பாடு போடறாங்களா மச்சான்?"

"தினம் விருந்தாம். பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டாம்."

"அப்ப சீக்கிரம் முடியாது."

நான் சொன்னது சரியாகப் போயிற்று. எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறு என்றால் பஞ்சாயத்தார் பசியோடு உட்காருவார்கள். பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். வயிறு நிறைந்தவன் எதற்காக எழுந்திருப்பான்? ஒரு மாதம் பேசினார்கள் தம்பி. இங்கே ஒருத்தன் பிராணனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறானே என்று ஒரு மந்திரிக்காவது தோன்றவில்லை.

அவன் சொன்ன இரண்டில் முதல் தபால் நாள் வந்தது. எத்திராஜுலு காகிதத்தோடு வந்து நின்றான். "எழுதட்டுமா?"

"இப்பத்தானே பேச ஆரம்பிச்சிருக்காங்க. இது போகட்டும். இன்னொண்ணு இருக்குதில்ல?"

காகிதத்தை மடித்துக்கொண்டு போனான்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ருஷ்யாக்காரன் இறங்கி வருகிறான் என்பார்கள். மறுநாள் முறைக்கிறான் என்பார்கள். கோட்டையில் பீரங்கி பழகுவதற்காகச் சுட்டாலும் நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குனிந்துகொள்வேன். சுபேதார் என்னைக் குனிந்தான் என்றே கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிடட்டும். அவர் தலையில் காக்கை அடிக்கவில்லை.

இரண்டாவது தபால் நாள். அன்று எத்திராஜுலு எழுதட்டுமா என்று கேட்கவில்லை. எழுதியே கொண்டு வந்தான். நாலே வரி. உன் புருஷன் சௌக்கியம், காக்கை தோஷத்துக்காகச் சொன்ன பொய், அழாதே, தாலியைக் கழற்றாதே. படித்துக் காட்டினான். சாயங்காலம் பையைக் கட்டிக் கப்பலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்றைக்குப் பார்த்து அந்தச் செய்தி வர வேண்டுமா? பெர்லினில் இங்கிலீஷ் மந்திரி கோபித்துக்கொண்டாராம். நான் கேட்டது கிடைக்காவிட்டால் ஊருக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டிவிட்டாராம். தனி ரயில் பிடித்துத் தயாராக நிறுத்தச் சொல்லிவிட்டாராம். கூடாரம் கூடாரமாக இதே பேச்சு. மந்திரி ரயிலேறினால் சண்டை. எங்களுக்கு அன்றே தோட்டா எண்ணிக் கொடுத்தார்கள். கையில் வாங்கினேன், கீழே கொட்டினேன். பொறுக்கினேன், மறுபடியும் கொட்டினேன்.

ஓடிப்போய் எத்திராஜுலு கையைப் பிடித்துக்கொண்டேன். "பொறு மச்சான். இந்தத் தபால் வேணாம். இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"இதுதான் கடைசி. சொன்னேனா இல்லியா? இது போகலேன்னா பதினாறு தாண்டிடும்."

"சண்டை வரப்போற நேரத்துல அவ அழுகைய நிறுத்தப் பாக்கறியே!"

"அவ இன்னும் அழவே ஆரம்பிக்கல மாப்ளே. மொத கடுதாசி இன்னும் கடல்லதான் போயிட்டிருக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன். பின்னாலயே இன்னொண்ணு போனா அழுகை முழுசா வருமா?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஏதோ நான் அவன் தங்கையை அடித்துவிட்டது போல. கையை உதறிக்கொண்டு போகப் பார்த்தான். நான் கடிதத்தைப் பிடுங்கினேன். கிழிக்கவில்லை தம்பி. கிழித்தேன் என்று அவன் சொன்னால் நம்பாதீர்கள். நாலாக மடித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டேன். பை போகும்வரை தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாசறைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மறுநாள் என்ன ஆயிற்று தெரியுமா? ருஷ்யாக்காரன் ஒத்துக்கொண்டுவிட்டான். மந்திரி மூட்டையைப் பிரித்துவிட்டார். ரயிலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே நாள்! அந்த மனுஷன் ஒரு நாள் கோபத்தை அடக்கியிருந்தால் என் குடும்பம் நிலைத்திருக்கும். பெரிய மனிதர்களுக்குப் பொறுமை கிடையாது. எங்களைப் போன்றவர்களைத்தான் பொறு பொறு என்பார்கள்.

அதற்கப்புறம் எத்திராஜுலு என்னோடு பேசவில்லை. அடுத்த தபாலில் என்னைக் கேட்காமலே தங்கைக்கு எழுதிவிட்டான். இதுதான் தம்பி அவன் செய்த முதல் கெடுதல். எழுதினவன் நாலு வரி எழுதியிருக்கக் கூடாதா? ஆதியோடந்தம் எழுதியிருக்கிறான். காக்கை, சித்தி, நான் சொன்னது, முதல் தபாலில் வேண்டாம் என்றது, இரண்டாவதில் பிடுங்கியது, தலைப்பாகை, எல்லாம். எந்த ஆண்பிள்ளையாவது இன்னோர் ஆண்பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவானா?

அந்தக் கடிதம் கருமாதி முடிந்து ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் வாத்தியார் ஊருக்கே படித்துக் காட்டியிருக்கிறார்.

பெர்லினில் கையெழுத்துப் போட்டார்கள். சண்டை நடக்கவே இல்லை. கடைக்காரன் கத்தியைக் காட்டி உறையில் போட்டுக்கொள்வது போல எங்களைக் காட்டினார்கள், மடித்துக்கொண்டார்கள். பேச்சோடு பேச்சாக இங்கிலீஷ்காரனுக்கு சைப்ரஸ் என்று ஒரு தீவு கிடைத்தது. அங்கே போய்ப் பாதை போடுங்கள் என்று எங்களை இறக்கினார்கள். அங்கேதான் காய்ச்சல். பத்துப் பேரில் ஆறு பேர் படுத்தார்கள். எத்திராஜுலுவும் படுத்தான். நடுங்கினான், பிதற்றினான், தங்கை பெயரைச் சொல்லி அழுதான். நான் கிட்டே போகவில்லை. போகலாமா நீங்களே சொல்லுங்கள்? அவ்வளவு அழுகை செலவழித்துக் காப்பாற்றிய உயிர். அதைக் கொண்டுபோய்க் காய்ச்சல்காரன் பக்கத்தில் வைப்பார்களா? எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பச்சையம்மாள் அழுகை அப்படிப்பட்ட அழுகை. கழிப்பு பலித்தது. அதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

மழைக்காலத்தில் ஊர் வந்து சேர்ந்தோம். கடிதம் வந்திருந்தாலும் சில பேருக்கு நம்பிக்கை வரவில்லை. என் காலைப் பார்த்தார்கள், தரையில் படுகிறதா என்று. நாய்கூட என்னைப் பார்த்துக் குரைக்காமல் பின்வாங்கியது. எனக்கே பயம் வந்துவிட்டது, ஒருவேளை செத்துத்தான் போனேனோ என்று.

பச்சையம்மாள் எத்திராஜுலு வீட்டு முற்றத்தில் நின்றிருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. கை மொட்டை. கழுத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ருஷ்யாக்காரனுக்கு அத்தனை பயப்படவில்லை தம்பி, அந்தக் கழுத்துக்குப் பயந்தேன். எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அவள் மட்டும் போடவில்லை. கிட்டே வந்து கையை நீட்டினாள்.

"அண்ணன் எழுதின நாலு வரி. தலைப்பாகையில இருக்குதாமே. குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். வேர்வையில் மை எல்லாம் கலங்கியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெரியவர்கள் கூடினார்கள். செத்தவன் திரும்பி வந்தால் செய்ய வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தையைப் போல முறத்தில் நெல் பரப்பி அதன்மேல் நிற்கவைத்து, புதிதாகப் பெயர் வைத்து, மறுபடியும் அதே பெண்ணுக்கே தாலி கட்டவைப்பார்கள். முறம் வந்துவிட்டது. நெல் வந்துவிட்டது. மஞ்சள் கயிறுகூட வந்துவிட்டது. பச்சையம்மாள் சுவரோரம் நின்றுகொண்டு சொன்னாள்:

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் தாலி அறுப்பேன்."

நாட்டாண்மைக்காரர் எத்திராஜுலு பக்கம் திரும்பினார். "கடுதாசி போகாததுக்கு யார்ப்பா காரணம்? இவனா, நீயா? பெரிய காய்ச்சல் கண்டவன், யோசிச்சுச் சொல்லு." எப்படி வழி திறந்துவிட்டார் பாருங்கள்! அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான் மறந்துட்டேன், என் தப்பு. அண்ணன் தப்பு என்றால் தங்கை மன்னிப்பாள். உலகத்தில் எந்தத் தங்கையும் மன்னிப்பாள். நான் அவனையே பார்த்தேன். கும்பிட்டேன்கூட.

"எழுதச் சொன்னதும் அவருதான், நிறுத்தச் சொன்னதும் அவருதான்" என்றான்.

பொய் சொல்லாதவனா அவன்? நான் செத்துப்போனேன் என்று தன் கையால் எழுதியவன். அவளை அழவைக்க ஒரு பொய் எழுத வந்தது. என்னை வாழவைக்க ஒரு பொய் சொல்ல வரவில்லை. அந்த ஒரு பொய்யை அவன் எனக்குத் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.

முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் பாதை வேலைக்குச் சேர்ந்தேன். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வருஷம் தவறாமல் எத்திராஜுலுவிடம் போய் அந்தப் பொய்யைக் கேட்பேன். வாசலிலேயே உட்கார்த்திவைத்து மோர் கொடுப்பான். "என்ன மாப்ளே, தபால் வந்துதா?" என்று குத்திக்காட்டுவான். பொறுத்துக்கொள்வேன்.

இப்போது எனக்கு மறுபடியும் பயம் வந்துவிட்டது. வண்டி வேகமாகப் போனால் பயம். மாடிப்படி ஏறினால் பயம். மூச்சு வாங்குகிறது. செத்துப்போவேன், அது இருக்கட்டும். செத்தால் யார் அழுவது? எனக்குரிய அழுகையைத்தான் முன்கூட்டியே வாங்கிச் செலவழித்தாகிவிட்டதே. இரண்டாவது தடவை எமன் வரும்போது வீடு சும்மாதானே கிடக்கும்? இதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. அந்த நேரத்தில்தான் எத்திராஜுலு படுத்துவிட்டான் என்று ஆள் வந்து சொன்னான். அலறியடித்துக்கொண்டு ஓடினேன். அவன் முந்திக்கொண்டால் என் கதி?

கட்டிலில் கிடந்தான். எலும்பும் தோலும். புத்தி மட்டும் தெளிவு.

"மச்சான், இப்பவாவது சொல்லிடு. அவ உள்ளதான் இருக்கா. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடு."

"சாகப்போறவனப் பொய் சொல்லச் சொல்றியே மாப்ளே."

"மொதப் பொய்ய எழுதினப்ப சாகவா போனே?"

சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பச்சையம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷமாக அவள் என்னோடு பேசியதில்லை. அண்ணனுக்கு இரண்டு வாய் கஞ்சி ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆடி மூணாந்தேதி அங்க நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்துப் பேசுகிறாள், கேட்கிற கேள்வி இதுதானா? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கடிதம் வந்த நாளிலிருந்து பதினாறு. அன்றைக்குத்தான் அவள் கழுத்தில் இருந்ததை வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு மால்டாவில் சமாதானம் ஆன சந்தோஷத்துக்குப் பட்டாளத்துக்கு ஆடு அடித்தார்கள். சாராயம் ஊற்றினார்கள். நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். கும்பலில் ஆடினேன். தோளில் என்னைத் தூக்கிக்கொண்டுகூட ஆடினார்கள். எத்திராஜுலு மட்டும் சாப்பிடாமல் கூடாரத்தில் படுத்திருந்தான், தலைவலி என்று.

அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"கஞ்சி" என்றேன்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு தலையசைப்பு போதும் தம்பி. வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஆமாம், கஞ்சிதான் குடித்தான் என்று கண்ணை மூடித் திறந்தால் போதும்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இத்தனை நாளும் அவன் எனக்கு ஒரு பொய்தான் தர வேண்டியிருந்தது. இப்போது இரண்டு.